தகடூரார் கொண்டுவந்த கரணை

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு தருமபுரிக் கடைத்தெருவில் நடந்தால் கரும்புக் கட்டுகளைத் தாண்டாமல் போக முடியாது. சோகை பச்சையாக இருக்கிறதா, கணு எப்படி, ஜோடி என்ன விலை என்று பார்த்துப் பேரம் பேசி வாங்கி வருகிறோம். இந்த ஊர் தகடூர் என்ற பெயரோடு ஒரு நாட்டின் தலைநகராக இருந்த காலத்தில், அதை ஆண்ட குலத்துக்குக் கரும்புதான் பூர்வீகப் பெருமை.

அந்தக் குலத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்று பள்ளிக்கூடத்திலேயே அறிமுகமாகிவிடுகிறான். அதே ஔவையார் பாடிய புறநானூற்று 99ஆம் பாட்டில் அவன் முன்னோர் செய்த காரியங்கள் வரிசையாக வருகின்றன. தேவர்களைப் போற்றினார்கள், வேள்வியில் அவி கொடுத்தார்கள், கிடைத்தற்கரிய கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள். அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் 392ஆம் பாட்டிலும் அவர் இதை மறக்கவில்லை. அங்கே கரும்பு அமிழ்தத்துக்கு நிகராகிறது. சோழர் தம் குலத்தைச் சூரியனோடும் பாண்டியர் சந்திரனோடும் சேர்த்துச் சொல்லிக்கொண்டார்கள். தகடூரார் தம் முன்னோரை ஒரு பயிரைக் கொண்டுவந்து நட்டவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஓர் அரசுக்கு இதைவிட மதிப்பான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று பாட்டு சொல்லவில்லை. செடியின் பூர்வீகத்தைத் தாவரவியலார் தேடிக் கண்டிருக்கிறார்கள். தடித்த, மென்மையான கரும்பை மனிதர் முதன்முதலில் வளர்த்தது நியூகினித் தீவில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. மென்று சாறு குடிப்பதற்காகவே வளர்த்தார்கள். கரும்புக்கு விதை வேண்டாம். ஒரு முழத் துண்டை வெட்டிக் கட்டிக்கொண்டால் போதும். கணுவில் இருக்கும் பரு உயிரோடிருந்தால் எந்தக் கரையிலும் முளைக்கும். நம் குடியானவர்கள் கரணை என்று சொல்லும் அந்தத் துண்டுதான் படகேறித் தீவு தீவாகத் தாவி ஆசியாவுக்கு வந்தது.

சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கும் வித்தை இந்திய மண்ணில் வளர்ந்தது. கி.மு. 326இல் அலெக்சாந்தரோடு வந்த கடற்படைத் தலைவன் நியார்க்கஸ், தேனீ இல்லாமலே தேன் தரும் நாணல் இங்கே இருக்கிறது என்று வியந்து எழுதினான். சமஸ்கிருதத்தில் பருக்கைக் கல்லைக் குறித்த ‘சர்க்கரா’ வெல்லப் பொடிக்கும் பெயராகி, பாரசீகத்தில் ‘ஷக்கர்’, அரபியில் ‘சுக்கர்’, ஆங்கிலத்தில் ‘சுகர்’ என்று மாறிக்கொண்டே போனது. நம் கற்கண்டில் உள்ள ‘கண்டு’க்கு வேரான ‘கண்ட’ என்ற சொல் இதே பாதையில் போய் ஆங்கிலத்தில் ‘கேண்டி’ ஆயிற்று.

அடுத்த நூற்றாண்டில் அசோகன் தன் எல்லைக்கு வெளியே இருந்த தென்னாட்டு அரசுகளைப் பாறையில் பொறித்தான். சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் யார் என்று விளங்கியது. கூடவே நின்ற ‘சத்தியபுத்திரர்’ யார்? அசோகனின் எழுத்து 1837இல் படிக்கப்பட்டது முதல் ஆளுக்கொரு விடை சொன்னார்கள். 1981இல் திருக்கோவிலூர் வட்டாரத்து ஜம்பை என்ற ஊரில், பாறையில் ஒற்றை வரித் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. சத்தியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்பது அதன் செய்தி. மூவேந்தரோடு ஒரே வரிசையில் அசோகன் வைத்த நான்காவது அரசு தகடூர்க்காரர்களுடையது! கரும்பைச் சொல்லும் அதே 99ஆம் பாட்டில்தான் அஞ்சி கோவலூரை அழித்த செய்தியும் வருகிறது. கோவலூர் என்பது திருக்கோவிலூர். பாட்டும் பாறையும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

அந்தத் தலைநகரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். ‘தகடூர் எறிந்த’ என்பது அவன் பெயரோடு ஒட்டிய பட்டம். அந்தப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ நூலில் நமக்கு மிஞ்சியவை சில பாடல்களே. அதியமான்கள் சிற்றரசர்களாகப் பல நூற்றாண்டுகள் நீடித்துப் பிறகு மறைந்தார்கள். தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டை அவர்கள் பெயரை வைத்திருக்கிறது.

கரும்பு எந்தக் கோட்டையோடும் விழவில்லை. கி.பி. 647இல் சீனப் பேரரசன் தாய்சுங், சர்க்கரை காய்ச்சும் வித்தையைக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பினான். கற்றவர்கள் வெளுப்பாகச் செய்யப் பழகினார்கள். பின்னாளில் அந்த வெள்ளைச் சர்க்கரை இந்தியாவுக்கே திரும்பி வந்தபோது சீனத்துச் சரக்கு என்பதால் ‘சீனி’ ஆனது. அரபியர் மேற்கே எகிப்து, சிசிலி, ஸ்பெயின் வரை கரணையைக் கொண்டுபோனார்கள்.

மதீரா தீவில் 1478இல் சர்க்கரை கொள்முதல் செய்யப் போன ஓர் இளம் வணிகர் பிற்பாடு இந்தியாவைத் தேடிக் கப்பலேறினார். அவர் கொலம்பஸ். 1493இல் இரண்டாம் பயணம் போகும் வழியில் கானரித் தீவுகளில் கரணைகளை ஏற்றிக்கொண்டார். கரீபியத் தீவுகளில் அவை முளைத்த விதம் உலகத்தின் பெருந்துயரங்களில் ஒன்று. வெட்டிய கரும்பு காத்திருக்காது. உடனே ஆட்டாவிட்டால் சாறு கெடும். இரவுபகலாக ஆள் வேண்டும். அதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கானவர்களை அடிமைகளாகக் கொண்டுபோனார்கள்.

1834இல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை முடிந்ததும் தோட்ட முதலாளிகள் தேடியது நம்மை. மொரீஷியஸுக்கு அந்த ஆண்டிலேயே ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கினார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன அந்த முதல் கூட்டத்துக்குப் பின்னால் தமிழர் ஆயிரக்கணக்கில் போனார்கள். 1903 முதல் சென்னைக் கப்பல்கள் பிஜிக்கும் போயின. அந்தத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைத்தான் பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்று பாடினார். அஞ்சியின் முன்னோர் அமிழ்தமாகக் கொண்டுவந்த பயிருக்காக, அதே மொழி பேசியவர்கள் கடல் கடந்து முதுகு ஒடிந்தார்கள். இதைச் சொல்லாமல் கரும்பின் கதையைச் சொல்லக்கூடாது.

கதை கோயம்புத்தூரில் வந்து திரும்புகிறது. வடஇந்தியாவில் கரும்பு பூத்து விதை பிடிப்பது அரிது. கோவையின் பகல் நீளமும் வெப்பமும் அதற்குத் தோதாக அமைந்தன. 1912இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. பார்பர் என்ற ஆங்கிலேயரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பை, வரப்போரத்தில் தானாக முளைத்துக் கிடந்த காட்டு நாணலோடு கலந்தார்கள். பிறந்தது கோ 205. 1918இல் பஞ்சாபுக்குப் போனது. யாரும் ஏறெடுத்துப் பார்க்காத நாணல்தான் அதற்கு வறட்சியைத் தாங்கும் உறுதியைக் கொடுத்தது. பின்பு கோவையில் கலப்புச் செய்த விதை நேட்டாலுக்குக் கப்பலேறி, அங்கே முளைத்துத் தேறி, 1945இல் ‘என்கோ 310’ என்ற பெயரில் வெளிவந்து பல நாடுகளில் பரவியது. பெயரில் முன்னால் நிற்பது நேட்டால், பின்னால் நிற்பது கோயம்புத்தூர். கூலிகள் போன பாதையிலேயே விதையும் போனது.

தருமபுரி மாவட்டத்தில் இன்று இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. ஒன்று பாலக்கோட்டில், மற்றது கோபாலபுரத்தில், 1925இல் இந்த மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் உயிர்நீத்த சுப்பிரமணிய சிவாவின் பெயரில். மழை பொய்த்த ஆண்டுகளில் இரண்டுக்கும் கரும்பு போதாமல் போகிறது. அப்போதும் கொப்பரையில் பாகு கொதிக்கும் வெல்ல ஆலைகளின் வாசனை சாலை வரைக்கும் வரும்.

அந்த இரண்டு ஆலை வாசலிலும் புறநானூற்று 99ஆம் பாட்டைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். அதுவரை, அடுத்த பொங்கலுக்குக் கரும்பை உடைக்கும் முன் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.