கிட்டப்பா முதல் ஸ்பெஷல் நாடகம் வரை... 'வள்ளி திருமணம்' எந்த வெர்ஷனில் என்ன ஸ்பெஷல்? முழு விளக்கம்

திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு ஓரத்தில் பழவேற்காடு ஏரி. இன்னொரு ஓரத்தில் திருத்தணி மலை. முருகன் வள்ளியைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட இடம் என்று பக்தர்கள் நம்பும் திருத்தணி, பழவேற்காடு மீனவ கிராமங்கள் இருக்கும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கல்யாணக் கதையை மேடையில் விடிய விடியப் பார்க்கணும்னா, மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் போகணும். அங்கே நூறு வருஷத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கும் நாடகம் 'வள்ளி திருமணம்'. எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 2019 நடிகர் சங்கத் தேர்தலில் பாண்டவர் அணியை எதிர்த்து நின்ற அணிக்கு 'சுவாமி சங்கரதாஸ் அணி' என்று பேர் வைத்தார்களே, அதே சங்கரதாஸ்தான்.

இன்று போனில் 'வள்ளி திருமணம்' என்று தேடினால் பழைய கிராமபோன் பாட்டு, கறுப்பு வெள்ளை சினிமா, கிராமத்துத் திருவிழா வீடியோ என எல்லாம் கலந்து வரும். இதில் எது 'ஒரிஜினல்'? யார் பாடியது எப்படி? எதை முதலில் கேட்கலாம்? பார்க்கலாம்.

நாடகத்தின் கதை என்ன?

தினைப்புனத்தில் கிளி விரட்டிக் காவல் காக்கிறாள் வள்ளி. நாரதர் வந்து அவளைப் பார்த்துவிட்டு, முருகனிடம் போய்ச் சொல்கிறார். முருகன் வேடனாக வருகிறார். வள்ளி விரட்டுகிறாள். அடுத்து கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறார். கடைசியில் அண்ணன் விநாயகர் யானையாக வந்து பயமுறுத்த, வள்ளி கிழவனிடமே அடைக்கலம் தேடுகிறாள். பிறகு கல்யாணம்.

கதை இவ்வளவுதான். எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்புறம் ஏன் ராத்திரி 10 மணிக்கு உட்கார்ந்தவர்கள் விடியும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள்? காரணம் இரண்டு. ஒன்று பாட்டு. இன்னொன்று தர்க்கம். வள்ளியும் நாரதரும், வள்ளியும் வேடனும் மேடையில் நேருக்கு நேர் வாதம் செய்வதுதான் தர்க்கம். முருகனாகவே இருந்தாலும் வள்ளியிடம் பேசி ஜெயிக்கணும்!

சங்கரதாஸ் சுவாமிகள் யார்?

1867-ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நடிகராக இருந்து, நாடக ஆசிரியராக மாறியவர். 1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்ற பாய்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக நடிப்பு கற்றது இங்கேதான். 1922-ல் புதுச்சேரியில் காலமானார்.

பாய்ஸ் கம்பெனியில் வள்ளி வேஷமும் பையனுக்குத்தான். ஆனால் தனித்தனி நடிகர்களை அழைத்து நடத்தும் 'ஸ்பெஷல் நாடக' மேடையில் பெண்களே வள்ளியாக வந்தார்கள். ஒரே வசனம், ஒரே பாட்டு. ஆனால் யார் நடிக்கிறார்கள் என்பதில் ஆரம்பத்திலிருந்தே இப்படி இரண்டு வழிகள் இருந்தன.

வெர்ஷன் 1: கிட்டப்பா - சுந்தராம்பாள்

இன்றும் பெரியவர்கள் ஒப்பிட்டுப் பேசும் அளவுகோல் இந்த ஜோடிதான். செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளும் மேடையில் சேர்ந்தது 1926-ல், இலங்கையில். அடுத்த வருஷம் கல்யாணம். சுந்தராம்பாள் வள்ளி, கிட்டப்பா வேலன்.

மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கணும். அதனால் குரல் உச்சத்தில்தான் ஆரம்பிக்கும். கிட்டப்பா பாடிய 'காயாத கானகத்தே' பாட்டைக் கேட்டால் இது புரியும். வேடனாக வந்த முருகன், காட்டில் நிற்கும் வள்ளியைப் பார்த்துப் பாடுவது. முதல் எடுப்பே மேலே. அங்கிருந்து இன்னும் மேலே. பாட்டின் அர்த்தத்தைவிட, 'இந்த ஆள் இதுக்கும் மேல போவாரா?' என்ற பதற்றம்தான் நம்மைப் பிடித்து வைக்கும். 2017-ல் வந்த 'மேயாத மான்' படத்தின் தலைப்புச் சொற்களும் இதே பாட்டில் வருபவைதான்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இது மேடையில் பதிவானது இல்லை. கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷம்தான் பிடிக்கும். மேடையில் ரசிகர்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்கக் கேட்க நீளும் பாட்டு, தட்டில் மூன்று நிமிஷத்துக்குள் அடங்கணும். கிட்டப்பா 1933 டிசம்பரில், 27 வயதில் இறந்துவிட்டார். அவர் எப்படி நடந்தார், வள்ளியிடம் எப்படித் தர்க்கம் செய்தார் என்பதைக் காட்ட ஒரு சினிமாகூட இல்லை. நம்மிடம் இருப்பது குரல் மட்டும்.

கணவர் போன பிறகு சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார். 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேஷத்தில், நந்தனாராகவே நடித்தார். அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்பது அந்தக் காலத்தில் நாடே பேசிய செய்தி. 1953-ல் 'ஔவையார்'. மேடையில் வள்ளியாக ஊரையே கட்டிப்போட்டவர், சினிமாவில் ஒருமுறைகூட வள்ளியாக வரவில்லை.

வெர்ஷன் 2: சினிமா வள்ளிகள்

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) நாயகி டி.பி.ராஜலட்சுமி, 1933-ல் 'வள்ளி திருமணம்' படத்தில் வள்ளியாக நடித்தார். அவரும் நாடக மேடையிலிருந்து வந்தவர். தயாரிப்பில் கோவை சாமிக்கண்ணு வின்சென்ட்டின் பங்கு முக்கியமானது.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க சுவாரஸ்யமானது 1945-ல் வந்த 'ஸ்ரீவள்ளி'. தயாரிப்பு ஏ.வி.மெய்யப்பன். முருகனாக டி.ஆர்.மகாலிங்கம், வள்ளியாக குமாரி ருக்மணி (நடிகை லட்சுமியின் அம்மா). 'காயாத கானகத்தே' இங்கே மகாலிங்கம் குரலில். கிட்டப்பாவின் அதே உச்ச ஸ்தாயி பாணிதான். ஆனால் மைக் வந்துவிட்டதால் குரலில் குழைவு கூடியிருக்கும். கடைசி வரிசைக்குக் கேட்கணும் என்ற கட்டாயம் இல்லை, காதோரம் பாடினாலே போதும். இரண்டையும் அடுத்தடுத்து கேளுங்க, வித்தியாசம் உடனே தெரியும்.

இந்தப் படத்துக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. வள்ளியின் பாட்டுகளை முதலில் பாடியது ருக்மணியே. மகாலிங்கத்தின் குரலுக்கு அது ஈடுகொடுக்கவில்லை என்று மெய்யப்பனுக்குத் தோன்றியது. படம் வெளியான பிறகு, பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து, வள்ளியின் குரலையே மாற்றினார். அதாவது ஒரே படம், ஒரே முகம், இரண்டு குரல்!

உலக அளவில் இதுக்கு ஒரு பிரபல உதாரணம் சொல்வார்கள். 'மை ஃபேர் லேடி' மேடையில் (1956) ஜூலி ஆண்ட்ரூஸ் பாடி நடித்தார். சினிமாவில் (1964) ஆட்ரி ஹெப்பர்ன் நடிக்க, பெரும்பாலான பாட்டுகளுக்குக் குரல் கொடுத்தவர் மார்னி நிக்சன். ஹாலிவுட்டில் அது நடப்பதற்கு 19 வருஷம் முன்பே, நம்ம வள்ளிக்கு அது நடந்துவிட்டது.

அடுத்தது 1961. மறுபடி 'ஸ்ரீவள்ளி'. இயக்கம் டி.ஆர்.ராமண்ணா. சிவாஜி கணேசன் முருகன், பத்மினி வள்ளி. 1945-ல் முருகனாக வந்த டி.ஆர்.மகாலிங்கம் இதில் நாரதர்! சிவாஜி வாயசைக்க, பின்னணிப் பாடகர் பாடும் காலம் வந்துவிட்டது. நடிப்பவரே பாடணும் என்ற மேடை விதிக்கு அந்தப் படத்தில் சாட்சியாக நிற்பவர் மகாலிங்கம்.

1967-ல் வந்த 'கந்தன் கருணை'யில் சிவகுமார் முருகன், ஜெயலலிதா வள்ளி, கே.ஆர்.விஜயா தெய்வானை. ஔவையாராக வந்தவர் யார் தெரியுமா? கே.பி.சுந்தராம்பாள். மேடையின் பழைய வள்ளி, புது வள்ளியின் கதையில் பாட்டியாக!

சினிமாவில் விட்டுப்போனது என்ன?

தர்க்கம். மணிக்கணக்கில் நடப்பதை இரண்டரை மணி நேரப் படத்துக்குள் எப்படி வைப்பது? பாட்டு தங்கியது, வாதம் சுருங்கியது. கேள்விக்குக் கேள்வி கேட்டு மடக்கும் மேடை வள்ளி, சினிமாவில் அதிகமாக அழகுப் பதுமை ஆகிவிட்டாள்.

வெர்ஷன் 3: இன்றைய ஸ்பெஷல் நாடகம்

இங்கே கம்பெனி கிடையாது, டைரக்டர் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ஊர்க்காரர்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாக புக் செய்வார்கள். நோட்டீஸில் ஒவ்வொருவர் பேரும் போட்டோவும் ஊரும் இருக்கும். வேற வேற ஊரிலிருந்து வந்து, நேராக மேடையில்தான் சந்திப்பார்கள். பபூன் காமெடி, டான்ஸ் முடிந்த பிறகுதான் கதையே சூடுபிடிக்கும். பக்கத்தில் ஹார்மோனியம், மிருதங்கம், தாளம். சத்தங்களுக்கும் கூடுதல் தாளத்துக்கும் 'ஆல்ரவுண்ட்' கலைஞர்.

இது எப்படி சாத்தியம்? எல்லாருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு மனப்பாடம். அந்தப் பொது அஸ்திவாரத்தின் மேல், தர்க்கத்தை அவரவர் திறமையால் கட்டுகிறார்கள். எதிரில் இருப்பவர் என்ன கேட்பார் என்று தெரியாது. புராணம், திருக்குறள், நாட்டு நடப்பு எல்லாம் கைவசம் இருக்கணும். பதில் தடுமாறினால் கூட்டத்துக்கே தெரிந்துவிடும். அதனால்தான் போன வருஷம் பார்த்த அதே நாடகத்தை இந்த வருஷமும் பார்க்க வருகிறார்கள்.

அப்போ பழவேற்காடு பக்கம்?

வட மாவட்டங்களில் திருவிழா மேடையைப் பிடித்திருப்பது தெருக்கூத்து. பெரும்பாலும் பாரதக் கதை. முகவீணை, மிருதங்கம், ஹார்மோனியம், தாளம். அங்கேயும் நடிப்பவரே பாடணும், அங்கேயும் விடிய விடியத்தான். ஆனால் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவதுதான் பழைய வழக்கம்.

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் தெலுங்கு 'பத்ய நாடகம்'. அதில் பிரபலமானது பலிஜேபள்ளி லட்சுமிகாந்தம் எழுதிய அரிச்சந்திரன் நாடகம். அதன் மயானக் காட்சியில் நடிகர்கள் பாடும் பத்யங்களில் சில அவர் எழுதியவையே இல்லை. கவிஞர் குர்ரம் ஜாஷுவாவின் மயானக் கவிதைகளை நடிகர்கள் மேடைக்குக் கொண்டுவந்தார்கள், அது நாடகத்தோடு ஒட்டிக்கொண்டது. தமிழோ தெலுங்கோ, எழுதியவர் முடித்த இடத்தில் நாடகம் முடிவதில்லை. நடிப்பவர்கள் அதை வளர்க்கிறார்கள்.

சரி, எதுதான் ஒரிஜினல்?

அமெரிக்காவில் 1943-ல் 'ஓக்லஹோமா' நாடகத்தின் பாட்டுகளை, மேடையில் நடித்தவர்களையே பாடவைத்து ஆல்பமாக வெளியிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு மியூசிக்கலுக்கும் 'ஒரிஜினல் காஸ்ட் ரெக்கார்டிங்' வருவது வழக்கமானது. எந்த நடிகர் சிறந்தவர் என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போட அதுதான் ஆதாரம்.

'வள்ளி திருமணம்' நாடகத்துக்கு அப்படி ஒன்று இல்லை. கிட்டப்பா தட்டு பாட்டை மட்டும் காப்பாற்றியது. சினிமா முகத்தையும் கதையையும் காப்பாற்றியது. தர்க்கத்தின் பெரும்பகுதி பதிவாகவில்லை. எத்தனையோ ஸ்திரீபார்ட் கலைஞர்கள் எத்தனையோ ராத்திரிகளில் சொன்ன பதில்கள், விடிந்ததும் காற்றோடு போய்விட்டன.

எதை முதலில் கேட்கலாம்?

1. கிட்டப்பாவின் 'காயாத கானகத்தே'. இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு ஹெட்போனில் கேளுங்க.

2. அதே பாட்டு, டி.ஆர்.மகாலிங்கம் குரலில் (1945). மைக் என்ன மாற்றியது என்று கவனிங்க.

3. அதே படத்தில் வள்ளியின் பாட்டுகள். முகம் ருக்மணி, குரல் பெரியநாயகி என்பதை நினைவில் வைத்துப் பாருங்க.

4. ஏதாவது ஒரு கிராமத்து ஸ்பெஷல் நாடக வீடியோ. பாட்டைத் தாண்டி தர்க்கத்துக்குப் போங்க. நேரம் இருந்தால் வேற ஊர், வேற வள்ளி, அதே காட்சி. இரண்டு பேரும் ஒரே கேள்விக்கு என்ன பதில் சொல்கிறார்கள் என்று ஒப்பிடுங்க.

கடைசியாக ஒரு விஷயம். 90 வருஷத்துக்கு முன்பு கிராமபோன் கம்பெனி செய்யாததை இன்று கையில் போன் வைத்திருக்கும் யாரும் செய்யலாம். ஆனால் பல வீடியோக்களில் ஊர் பேரும் வருஷமும் மட்டும் இருக்கு, கலைஞர்கள் பேர் இல்லை. உங்க ஊர்த் திருவிழா நாடகத்தையோ கூத்தையோ பதிவு செய்தால், கலைஞர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நோட்டீஸில் இருக்கும் பேர்களை எல்லாம் கீழே போடுங்க. வள்ளியாக வந்தவர், நாரதராக வந்தவர், ஹார்மோனியம் வாசித்தவர் என எல்லாரும். அடுத்த புக்கிங்குக்கு அது அவர்களுக்கு உதவும். நூறு வருஷம் கழித்து ஒருவர் 'இந்த வள்ளி யாரு?' என்று தேடினால், பதிலும் இருக்கும்.