மொட்டைமாடி நீர்க்காப்பு

மொட்டைமாடி நீர்க்காப்பு என்பது, வீடுகளின் தட்டையான மேற்கூரையில் விழும் மழைநீர் கட்டிடத்தினுள் கசியாதவாறு தடுப்பதற்குக் கையாளப்படும் கட்டுமான முறைகளையும் பராமரிப்பு முறைகளையும் குறிக்கும். கூரையின் சரிவு, கற்காரைப் பலகத்தின் மேல் இடப்படும் காப்புத் தளம், தட்டோடு, வடிகுழாய்கள், கைப்பிடிச் சுவர் ஆகியவை ஒன்றுசேர்ந்தே இக்காப்பை அளிக்கின்றன. இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் ஏனையவற்றின் பயன் பெரிதும் குறைந்துவிடும். மொட்டைமாடியைத் தென் தமிழ்நாட்டின் சில பகுதிகளில் மட்டப்பா என்றும் அழைப்பர்.

மழையும் தட்டைக்கூரையும்

தமிழ்நாட்டின் கரையோர மாவட்டங்கள் தமது மழையில் பெரும்பகுதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெறுகின்றன. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1400 மி.மீ. மழை பெய்கிறது; அதில் பாதிக்கும் மேல் இம்மூன்று மாதங்களிலேயே கிடைக்கிறது. இம்மழை சீராகப் பெய்வதில்லை. காற்றழுத்தத் தாழ்வு நிலைகளும் புயல்களும் உருவாகும் சில நாட்களில் மிகுதியாகக் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது.

1000 சதுர அடி பரப்புள்ள ஒரு கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால், அக்கூரை மேல் விழும் நீரின் அளவு 9,000 லிட்டருக்கும் கூடுதலாகும். ஓட்டுக்கூரையில் இந்நீர் உடனுக்குடன் வழிந்தோடிவிடும். தட்டைக்கூரையில் அது மெதுவாகவே நகர்வதால், மிகச் சிறிய வெடிப்பினுள்ளும் இறங்குவதற்குப் போதிய நேரம் கிடைக்கிறது. மேலும், மழைக்கு முந்திய கோடை மாதங்களில் கூரை பகலில் சூடேறி விரிவதும் இரவில் குளிர்ந்து சுருங்குவதும் தொடர்ந்து நிகழ்வதால், புதிய வெடிப்புகள் உருவாகின்றன. எனவே கோடையில் தோன்றும் பழுது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையிலேயே வெளிப்படுகிறது.

வரலாறு

இரும்புக் கம்பிகளால் வலுவூட்டப்பட்ட கற்காரை பரவுவதற்கு முன்னர், தமிழ்நாட்டு நகரங்களில் மெட்ராஸ் தளம் எனப்படும் கூரை முறை பெரிதும் கையாளப்பட்டது. இம்முறையில், தேக்கு மரச் சட்டங்களை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களை மூலைவாட்டமாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தினால் இணைப்பர். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, நீர் தெளித்து, மரக்கட்டைகளால் பல நாட்கள் தொடர்ந்து தட்டி இறுக்குவர். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சுண்ணாம்புக் கலவையுடன் சேர்ப்பதும் வழக்கம். இறுதியில் தட்டோடுகள் பதிக்கப்படும்.

இன்று கூரையின் அடிப்பகுதி கற்காரைப் பலகமாக மாறிவிட்டபோதிலும், அதன் மேல் செங்கல் ஜல்லித் தளமும் தட்டோடும் இடும் வழக்கம் பல வீடுகளில் தொடர்கிறது. இதனைப் பேச்சு வழக்கில் சுருக்கி போடுதல் என்பர். சுருக்கி என்ற சொல் முதலில் செங்கற்பொடியையே குறித்தது. நன்கு சுட்ட களிமண்ணின் பொடி சுண்ணாம்புடன் சேர்ந்து, ஈரத்திலும் இறுகும் தன்மையைக் கலவைக்கு அளிக்கிறது.

நீர் புகும் இடங்கள்

கசிவு பெரும்பாலும் கூரையின் நடுப்பகுதியில் தொடங்குவதில்லை. இருவேறு பகுதிகள் சந்திக்கும் இடங்களே பொதுவாக முதலில் பழுதடைகின்றன. அவற்றுள் முக்கியமானவை:

* கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. சுவரும் பலகமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் இங்கு நீளமான வெடிப்பு தோன்றும்.
* வடிகுழாய் வாய். குழாயைச் சுற்றியுள்ள சாந்து விலகினால், நீர் குழாயினுள் செல்லாமல் அதன் வெளிப்புறமாக இறங்கும்.
* தட்டோடுகளின் இடைவெளிகள்.
* மேல்நிலைத் தொட்டியின் அடிப்பகுதியும், குழாய்கள் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடங்களும்.
* கைப்பிடிச் சுவரின் மேற்புறம். பூச்சு வெடித்திருந்தால் நீர் சுவரின் உள்ளேயே இறங்கிக் கீழ்த்தளச் சுவரில் ஈரமாகத் தோன்றும்.

நீர் புகும் இடமும் உள்ளே ஈரம் தெரியும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. காப்புத் தளத்துக்கும் பலகத்துக்கும் இடையே நீர் பல அடி தூரம் நகர்ந்து, பலகத்தில் வெடிப்புள்ள இடத்தில் சொட்டக்கூடும். இதனால் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் பூசி அடைப்பது பெரும்பாலும் பயனளிப்பதில்லை.

விளைவுகள்

கசிவின் முதல் அடையாளங்கள் உள்கூரையில் தோன்றும் பழுப்புக் கறையும், வண்ணப்பூச்சு உப்பி உதிர்வதும், வெண்மையாக உப்புப் பூப்பதும் ஆகும். ஈரச் சுவர்களில் வளரும் பூஞ்சை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் தொல்லையைக் கூட்டக்கூடியது.

இவற்றைவிட ஆபத்தானது, கற்காரையினுள் உள்ள கம்பிகள் துருப்பிடித்தலாகும். துரு, அது உருவான இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பிக்குக் கீழுள்ள கற்காரையைப் பிளந்து பெயர்த்துவிடுகிறது. பலகங்களின் அடியில் கம்பியை மூடியிருக்கும் கற்காரை வழக்கமாக 2 செ.மீ. அளவே தடிப்புள்ளது. கடலோர ஊர்களில் காற்றிலுள்ள உப்பு இதனை விரைவுபடுத்துகிறது. உள்கூரையில் கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக வெடிப்பு தோன்றுவதும், தட்டினால் பொள்ளலான ஒலி எழுவதும் இதற்கான அறிகுறிகள். அந்நிலையில் அடியில் மீண்டும் சாந்து பூசி மறைப்பது ஆபத்தானது. பெயர்ந்த கற்காரைத் துண்டுகள் கீழே உறங்குவோர் மீது விழக்கூடும்.

உள்கூரையில் புதைக்கப்பட்ட மின்கம்பிக் குழாய்களின் வழியே நீர் இறங்குவது மற்றொரு ஆபத்து ஆகும். மின்விசிறியின் கொக்கி, விளக்குப் பெட்டி, சுவிட்சுப் பலகை ஆகியவற்றில் ஈரம் தெரிந்தால், அச்சுற்றுக்கான மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே எதனையும் தொடவேண்டும்.

காப்பு முறைகள்

சரிவு: நீர் தேங்காமல் ஓடுவதே முதன்மையான காப்பு. பொதுவாக ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் குறைந்தது 1 செ.மீ. இறக்கம் வடிகுழாயை நோக்கி அமைக்கப்படுகிறது.

செங்கல் ஜல்லித் தளம்: ஏறத்தாழ இரண்டரைப் பங்கு செங்கல் ஜல்லிக்கு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு என்ற அளவில் மணல் இன்றிக் கலந்து பரப்பப்படும். சுண்ணாம்புத் தளம் சிமெண்ட்டைக் காட்டிலும் சிறிது நெகிழ்வுத் தன்மை உடையது. வெப்பத்தையும் ஓரளவு தடுக்கிறது. போதிய அளவு தட்டி இறுக்காவிடில் இது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

தட்டோடு: களிமண் ஓடுகள் நீர்க்காப்புப் பொருள் கலந்த சிமெண்ட் சாந்தில் பதிக்கப்பட்டு, இடைவெளிகள் நிரப்பப்படுகின்றன. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையைச் செங்குத்தாக விடாமல், சாந்தினால் வளைவாக நிரப்புவது அவசியம்.

மேற்பூச்சுகள்: தார்ப் பாய்கள், பலபடிச் சேர்மம் கலந்த சிமெண்ட் பூச்சு, மீள்தன்மை கொண்ட அக்ரிலிக் பூச்சு, பாலியூரித்தேன் பூச்சு போன்றவை பயன்பாட்டில் உள்ளன. இவற்றை ஈரம் முற்றிலும் காய்ந்த, தூசியற்ற பரப்பிலேயே இடவேண்டும் என்பது பொது விதி. சில சிமெண்ட் பூச்சுகளுக்கு மட்டும் பரப்பைச் சிறிது நனைக்கவேண்டும். வெயிலில் நேரடியாகப் படும் பூச்சுகள் சில ஆண்டுகளில் நலிவடைவதால் மீண்டும் பூசவேண்டியிருக்கும்.

சோதனை

பணி முடிந்ததும் வடிகுழாய் வாய்களை அடைத்துத் தளத்தின் மேல் சில செ.மீ. உயரத்துக்கு நீரைத் தேக்கி, 24 முதல் 48 மணி நேரம் வரை உள்கூரையைக் கவனிப்பர். ஈரம் தெரியாவிடில் காப்பு நிறைவானது எனக் கொள்ளலாம். கம்பிகள் துருப்பிடித்து நலிவுற்ற பழைய கூரையில் நீரைத் தேக்குவது கூடாது.

தவிர்க்கவேண்டியவை

பழைய காப்புத் தளத்தை அகற்றாமல் அதன் மேலேயே புதிய தளம் இடுவது பரவலாகக் காணப்படும் தவறாகும். 10 செ.மீ. தடிப்புள்ள செங்கல் ஜல்லித் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. 1000 சதுர அடிக் கூரையில் இது ஏறத்தாழ 15 டன் கூடுதல் சுமையாகும். பழைய பலகங்கள் இதனைத் தாங்கும் எனக் கூற இயலாது. அத்துடன், இரு தளங்களுக்கும் இடையே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றிக் கீழ்நோக்கியே இறங்கும்.

நீர் மேலிருந்து வரும்போது உள்கூரையில் மட்டும் பூச்சு இடுவதும் தீர்வாகாது. அது கறையைச் சில காலம் மறைக்குமேயன்றிக் கம்பிகளை ஈரத்திலிருந்து காப்பதில்லை.

பராமரிப்பு

பழுதுபார்க்கும் பணிகளைத் தளம் நன்கு காய்ந்திருக்கும் கோடையில் செய்வதே சிறந்தது. மழைக்கு முன்னர், புரட்டாசி மாதத்துக்குள், வடிகுழாய் வாய்களில் சேர்ந்த இலை, குப்பை, பறவைக் கூடு ஆகியவற்றை நீக்கிக் கம்பிவலை பொருத்தவேண்டும். கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசு, ஆல் போன்றவற்றின் கன்றுகளை வேருடன் அகற்றவேண்டும். மேற்பகுதியை மட்டும் வெட்டினால் வேர் தடித்துச் சுவரைப் பிளக்கும். மழைக்காலத்தில் பூந்தொட்டிகள், பழைய பொருட்கள் ஆகியவை நீரோட்டத்தை மறிக்காதவாறு பார்த்துக்கொள்ளவேண்டும்.

மழைநீர் சேகரிப்பு

தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு முதல் கட்டிடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கூரையிலிருந்து இறங்கும் குழாய்கள் சேகரிப்புத் தொட்டியுடனோ கிணற்றுடனோ இணைக்கப்படுகின்றன. தொட்டியின் வடிகட்டி மணலும் கூழாங்கல்லும் சேற்றினால் அடைபட்டால், நீர் குழாயில் தேங்கி மொட்டைமாடியிலும் நிற்கும். இதனால் வடிகட்டியைத் தூய்மை செய்வதும் மிகைநீர் வெளியேற வழி விடுவதும் நீர்க்காப்பின் பகுதியாகவே கருதப்படுகின்றன. நன்கு காக்கப்பட்ட மொட்டைமாடி வீட்டை மழையிலிருந்து காப்பதோடு, அம்மழையைக் கோடைக்கான நீராகவும் ஆக்கித் தருகிறது.