வலிக்குச் சாட்சி எது? எண்டோமெட்ரியோசிஸ் கண்டறியப்பட்ட வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வயிற்றின்மேல் பசையைத் தடவி மேலாக ஒரு ஸ்கேன் எடுத்து, 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இது நடந்தது 2013இல். பத்தாம் வகுப்புப் படிக்கும்போதிருந்தே மாதத்தில் மூன்று நாள் சுருண்டு கிடந்தவளுக்குப் பத்து வருஷம் கழித்துக் கிடைத்த முதல் மருத்துவச் சான்று, உனக்கு ஒன்றுமில்லை என்பது. அதற்கு முன்னால் எங்கள் ஊர் டாக்டரம்மா அம்மாவிடம் சொன்னது இன்னும் சுருக்கம்: "கல்யாணம் பண்ணிக் குடுங்க, ஒரு புள்ள பொறந்தா தானா சரியாயிடும்." 2016இல் கல்யாணம் ஆயிற்று. மூன்று வருஷம் பிள்ளை இல்லை. உடனே எல்லாக் கதவுகளும் திறந்துகொண்டன. இந்தமுறை உள்வழியாக ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சினைப்பைகளிலும் கட்டி. ஒன்று நான்கு சென்டிமீட்டர். வலிக்காகப் போனபோது இல்லாத நோய் பிள்ளைக்காகப் போனபோது இருந்தது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கப்போனபோதுதான், டாக்டரம்மா பேசியது அவருடைய சொந்த வாக்கு அல்ல, எண்பது வருஷப் பழசான ஓர் அமெரிக்கச் சொல்லாடல் அவர் வாய்வழியாக வந்திருக்கிறது என்று பிடிபட்டது. அந்தத் தடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

முதலில் நோய். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும் கருக்குழாயிலும் குடல்மேலும் சிறுநீர்ப்பைமேலும் ஒட்டி வளர்கிறது. மாதாமாதம் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்தோடு அதுவும் கசிகிறது, புண்ணாகிறது, தழும்பு கட்டுகிறது, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம், அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதல் வலிக்கும் நோய்க்குப் பெயர் கிடைப்பதற்கும் இடையே பல நாடுகளில் ஏழெட்டு வருஷம், சில இடங்களில் பத்து வருஷம்கூடப் போய்விடுகிறது.

1860இல் வியன்னாவில் கார்ல் ரொகிடான்ஸ்கி இதைப் போன்ற ஒன்றை விவரித்தார். அவர் கண்டது இந்த நோய்தானா என்பதில் மருத்துவ வரலாற்றாளர்களுக்குள் இன்றும் சண்டை. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். ஆனால் அவர் பிணங்களை அறுத்துப் பார்த்துப் பெயர் பெற்றவர் என்பது வேண்டும். நோயாளி சொல்லும் கதையிலிருந்து விலகி, திறந்த உடலுக்குள் கண்ணால் காணும் புண்ணில்தான் நோயின் உண்மை இருக்கிறது என்ற பார்வை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எப்படி உருவாயிற்று என்பதை மிஷல் ஃபூக்கோ 'மருத்துவமனையின் பிறப்பு' (1963) நூலில் விரிவாகப் பேசியிருக்கிறார். எண்டோமெட்ரியோசிஸ் அந்தப் பார்வையின் கடைசிக் குழந்தைகளில் ஒன்று என்று எனக்குப் படுகிறது. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் இருந்த ஜான் சாம்ப்சன் ஓர் அறுவை மருத்துவர். சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிச் சாக்லேட் குழம்புபோல் நிற்கும் கட்டிகளை அவர் 1921இல் விவரித்தார். மாதவிலக்கு இரத்தம் கருக்குழாய்வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் சிந்தி, அங்கே ஒட்டி முளைக்கிறது என்பது 1927இல் அவர் முன்வைத்த கோட்பாடு. நோயின் இன்றைய பெயரும் அவர் தந்ததுதான். பெரும்பாலான பெண்களுக்கு அப்படிப் பின்னோக்கிச் சிந்தத்தான் செய்கிறது. சிலருக்கு மட்டும் ஏன் நோயாகிறது என்ற கேள்வி இன்றுவரை முழுசாகத் தீரவில்லை. எப்படியோ, வயிற்றைத் திறந்தால்தான் நோய் என்ற விதி அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

திறக்கப்பட்டது யாருடைய வயிறு? அறுவைக்குக் காசு கட்டக்கூடிய பெண்களுடையது. பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற மகளிர் மருத்துவர் ஜோ மெய்க்ஸ் 1930களின் இறுதியிலும் 40களிலும் எழுதிய கட்டுரைகளில், இலவச வார்டுப் பெண்களைவிடத் தனியாகக் காசு கட்டி வருபவர்களிடம் இது அதிகம் என்று கண்டு, வசதியான வர்க்கத்தார் தள்ளிக் கல்யாணம் செய்து தள்ளிப் பிள்ளை பெறுவதால் வரும் கேடு இது என்று முடிவு கட்டினார். சீக்கிரம் கட்டிவை, சீக்கிரம் பெறவை, தடுப்பு அதுதான். வார்டுப் பெண்ணின் வயிற்றை யாரும் இந்தச் சந்தேகத்தோடு திறந்து பார்க்கவில்லையே என்ற எளிய கேள்வி அவருக்கு எழவில்லை. எந்தக் கூட்டத்தில் தேடுகிறோமோ அந்தக் கூட்டத்தின் நோயாக அது ஆகிவிடுகிறது. பிறகு 'வேலைக்குப் போகும் பெண்களின் நோய்' என்ற பட்டமும் அமெரிக்காவில் இதற்குக் கிடைத்தது.

இதன் மறுபக்கத்தை உடைத்தவர் ஷிகாகோவின் டொனால்ட் சாட்மன். கறுப்பினப் பெண் அடிவயிற்று வலி என்று வந்தால் இடுப்பறை அழற்சி என்று எழுதுவதுதான் வழக்கம். பெரும்பாலும் உடலுறவால் தொற்றுவது என்று அறியப்பட்ட நோய்; அதாவது அவள் நடத்தையின்மேல் ஒரு தீர்ப்பு. சாட்மன் 1976இல் வெளியிட்ட ஆய்வில், லேப்ராஸ்கோபி செய்யப்பட்ட கறுப்பினப் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இருந்தது எண்டோமெட்ரியோசிஸ். அவர்களில் பலருக்கு அதுவரை அழற்சி என்ற முத்திரைதான் குத்தப்பட்டிருந்தது. ஒரே நோய்: வெள்ளைக்காரி என்றால் பெறாத குற்றம், கறுப்பினத்தாள் என்றால் படுத்த குற்றம். நம்மூர்ச் சாதிக்கணக்கில் இதை எப்படி எழுதுவார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

லேப்ராஸ்கோபி, அதாவது தொப்புளருகே சிறு துளையிட்டு வாயுவை நிரப்பிக் குழல்வழியே உள்ளே பார்க்கும் முறை, 1960களுக்குப் பின் பரவியது. பிரிட்டனில் அதன் முன்னோடியான பாட்ரிக் ஸ்டெப்டோவின் குழல்தான் லெஸ்லி பிரவுனின் சினைமுட்டையை எடுத்தது. 1978 ஜூலை 25இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. கண்டறியும் கருவியும் கருவுறவைக்கும் தொழிலும் ஒரே குழலில் சந்தித்த இடம் இது. அடுத்த வருஷமே, 1979இல், அமெரிக்கக் கருவுறுதல் சங்கம் இந்த நோய்க்கு ஒரு தரவரிசை வகுத்தது. 1985இல் திருத்தியது. புண்ணின் அளவுக்கு இத்தனை, ஒட்டலுக்கு இத்தனை என்று புள்ளி போட்டு நான்கு படிநிலை. வகுத்தது கருவுறுதல் சங்கம் என்பதைக் கவனியுங்கள். அந்தக் கணக்கில் வலிக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. முதல்படியில் இருப்பவள் வேலையை விட்டுவிட்டுக் கிடக்கலாம், நான்காம்படியில் இருப்பவளுக்கு வலியே தெரியாமல் இருக்கலாம். எதிர்பார்த்த வேலையைக்கூட, அதாவது யார் கருவுறுவார் என்று சொல்வதைக்கூட, அந்தப் படிநிலை ஒழுங்காகச் செய்யவில்லை.

கருவுறுதல் விஷயத்தில் பயமுறுத்தலும் வேண்டாம், பூசி மெழுகலும் வேண்டாம். இந்த நோயுள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கருவுறுவதில் சிக்கல் இருக்கிறது என்கிறார்கள். ஒரு மாதத்தில் கருவுறும் வாய்ப்பு மற்றத் தம்பதிகளுக்கு 15 முதல் 20 சதவீதம் என்றால், இவர்களில் சிக்கல் உள்ளவர்களுக்கு 2 முதல் 10. ஒட்டல்கள் கருக்குழாயை முறுக்குகின்றன. அழற்சி முட்டையையும் விந்தணுவையும் கெடுக்கிறது. கட்டி சினைப்பையின் முட்டை இருப்பைத் தின்கிறது. ஆனாலும் எந்த உதவியும் இல்லாமல் பெற்றவர்கள் ஏராளம். கத்தி உதவுமா? கனடாவில் லேசான நோயுள்ள 341 பெண்களிடம் செய்து 1997இல் வெளியான சோதனையில், புண்களை நீக்கியவர்களில் 30.7 சதவீதமும் வெறுமனே பார்த்துவிட்டு மூடியவர்களில் 17.7 சதவீதமும் கருவுற்றார்கள். இரண்டு வருஷம் கழித்து வந்த ஒரு சிறிய இத்தாலியச் சோதனையில் அந்த ஆதாயம் தெரியவில்லை. சாக்லேட் கட்டியின் கதையே வேறு. கட்டியை உரிக்கும்போது அதை ஒட்டிய நல்ல திசுவும் கூடவே வந்துவிடும், முட்டை இருப்புக் குறையும். எனக்கு இடது பக்கம் உரித்தார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏ.எம்.எச். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. முன்கூட்டி இதை ஒருவரும் சொல்லவில்லை. அப்புறம் பிள்ளை பிறந்ததா என்று வாசகர்கள் கேட்பீர்கள். அதைச் சொல்வதாக இல்லை. வலி இருந்ததா என்று கேட்டால், இருந்தது, இருக்கிறது.

2022இல் ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் தன் வழிகாட்டலை மாற்றியது. லேப்ராஸ்கோபி இனிக் கட்டாய உரைகல் அல்ல; ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ.யிலோ ஒன்றும் தெரியாதபோது, அல்லது மருந்து கேட்காதபோது, அல்லது மருந்து பொருந்தாதபோது மட்டும் அதை யோசித்தால் போதும். அறிகுறிகளை வைத்தே மருந்தைத் தொடங்கலாம். நோயைக் குணப்படுத்துவதற்காக மட்டும் கர்ப்பமாகச் சொல்லக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. மெய்க்ஸுக்கு எண்பது வருஷம் கழித்து வந்த பதில் என்று இதை நான் வாசிக்கிறேன். தேர்ந்த கை எடுத்தால் உள்வழி ஸ்கேன் சாக்லேட் கட்டியைக் காட்டும், ஆழமாகப் பதிந்த புண்ணைக் காட்டும், உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றனவா, ஒட்டிக்கொண்டனவா என்று காட்டும். மேலோட்டமான புண்களைப் பெரும்பாலும் காட்டாது. அதனால்தான் ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று தள்ளாதே என்று பிரிட்டனின் வழிகாட்டல் 2017இலேயே எழுதியது.

கத்தி போய்விட்டது என்று கொண்டாட எனக்கும் ஆசைதான். ஆனால் கத்தி இருந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது படம். படம் எடுக்கும் அறையின் வாசலில் அதே பழைய கேள்வி நிற்கிறது. கல்யாணம் ஆகாதவளுக்கு நம் ஊரில் உள்வழி ஸ்கேன் எடுக்க மாட்டார்கள். அவள் சம்மதிக்கிறாளா என்று கேட்கும் பழக்கம்கூட இல்லை. கன்னித்தன்மையைக் காக்கும் பொறுப்பை ஸ்கேன் சென்டரே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆசனவாய் வழியாக எடுக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். முன்னதை யாரும் சொல்வதில்லை, பின்னதற்குக் காசு வேண்டும். பிரான்சில் உமிழ்நீரிலுள்ள 109 நுண் ஆர்.என்.ஏ.க்களைப் படித்து நோயைச் சொல்லும் சோதனை ஒன்று 2022இல் வெளிவந்தது, நல்லதுதான். வாயில் ஊறும் எச்சிலை நம்பத் தயாராக இருக்கிறார்கள், அதே வாய் சொல்வதை நம்புவதற்குத்தான் இத்தனை தயக்கம். சூலை நோயில் துடித்த நாவுக்கரசர் அக்காளிடம் போய் நின்றதைப் பெரியபுராணம் சொல்கிறது. திலகவதியார் அவரிடம் ஆதாரம் கேட்கவில்லை. தமிழ் எம்.ஏ. படிக்கும்போது இதைப் பரீட்சைக்காக மட்டும் படித்திருக்கிறேன்.

போன வருஷம் அக்கா மகளுக்கு இதே வலி. பதினேழு வயது. ஸ்கேன் சென்டரில் அதே கேள்வி, அதே 'நார்மல்'. ஐரோப்பிய வழிகாட்டலின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பொறுமையாகப் படித்தார். அவளிடம் அரைமணி நேரம் பேசினார். நோயின் பெயரை எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, ஹார்மோன் மாத்திரை எழுதினார்.

"பின்னாடி புள்ள பெத்துக்குறதுல ஒண்ணும் ஆயிடாதே டாக்டர்?" என்றாள் அக்கா. மாத்திரையால் ஒன்றும் ஆகாது என்றார் அவர்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "சித்தி, அப்ப மார்ச்சுல பரீட்சைய ஒக்காந்து எழுதிடலாமா?"