எம்ஜிபி காரில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர்
1962இல் வெளிவந்த எம்ஜிபி காரின் லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது அதிலிருந்து மின்சாரம் கிடைப்பது அரிது. மழையிரவு நெரிசலில் விளக்கும் வைப்பரும் பேட்டரியைத் தீர்த்துவிடும். 1967 இறுதியில் வந்த மார்க் 2இல் தயாரிப்பாளர்களே ஆல்டர்னேட்டருக்கு மாறினர். பழைய கார்களுக்கு 34 ஆம்பியர் தரும் லூகாஸ் 16ஏசிஆர் நல்ல தேர்வு.

மிகுந்த கவனம் தேவைப்படுவது துருவமாற்றத்தில்தான். முந்தைய கார்களில் பேட்டரியின் நேர்முனை பாடியுடன் இணைந்திருக்கும். ஆல்டர்னேட்டருக்கு எதிர்முனை இணைய வேண்டும். இதை மறந்து பேட்டரியை இணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் நொடியில் கருகும். இக்னிஷன் காயிலின் கம்பிகளை இடம் மாற்றி, எஞ்சின் சுற்றுகளைக் காட்டும் மீட்டர் மின்சாரத்தில் இயங்குவதாக இருந்தால் அதன் உள்ளிணைப்பையும் திருத்த வேண்டும். தனி ரெகுலேட்டர் இனித் தேவையில்லை. ஆனால் உள்ளிணைப்பைத் துண்டித்துப் பெட்டியை மட்டும் அதே இடத்தில் விட்டுவைப்பது காரின் அசல் தோற்றத்துக்குச் செய்யும் மரியாதை. கூடும் மின்னோட்டத்துக்கேற்ப, சார்ஜ் ஏற்றும் பழுப்புநிறக் கம்பியும் தடிமனாக வேண்டும்.