கட்டாயம் என்னும் சொல்

புத்தகங்களை மேசைமீது ஒரே கோட்டில் அடுக்கி வைக்கும் மாணவர் ஒருவர், "எனக்கு ஓ.சி.டி. இருக்கிறது" என்று நண்பரிடம் சிரித்துக்கொண்டே சொல்வதை இக்காலத்தில் அடிக்கடி கேட்கிறோம். அம்மூன்று எழுத்துகளில் கடைசியானது கோளாறு என்பதைக் குறிப்பது. முதல் இரண்டும் 'அப்செஷன்', 'கம்பல்ஷன்' என்னும் இரு சொற்களின் தலையெழுத்துகள். இச்சொற்கள் எவரைக் குறிக்கப் பிறந்தன என்று சற்றே ஆராய்வோம்.

1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்ற சாமுவேல் ஜான்சனுக்கு ஒரு விந்தையான வழக்கம் இருந்தது. வாயிலைக் கடக்கும்போது குறிப்பிட்ட எண்ணிக்கையில் அடியெடுத்து வைத்து, குறிப்பிட்ட காலாலேயே அதனைத் தாண்டுவார். கணக்குத் தவறினால் திரும்பிப் போய் மீண்டும் நடந்து வருவார். 1791இல் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாற்றில் நண்பர் பாஸ்வெல் இதனைக் குறித்துள்ளார். சொற்களுக்கெல்லாம் பொருள் வகுத்த அப்பேரறிஞரின் இச்செயலைக் குறிக்க அந்நாளைய மருத்துவத்தில் தனிச் சொல் இல்லை. மறைந்த ஒருவருக்கு இன்று நாம் நோய்ப்பெயர் சூட்டுவது முறையன்று, அதை விட்டுவிடுவோம்.

'அப்செஷன்' என்பது இலத்தீன் வேரினின்று பிறந்தது. ஒரு கோட்டையின் முன்னே சென்று அமர்ந்து அதனை முற்றுகையிடுதல் என்பது அவ்வேரின் பொருள். நம் இலக்கணத்தார் உழிஞை என்பரே, ஏறக்குறைய அது. இடைக்கால ஐரோப்பாவில் கிறித்தவச் சமயவாணர் இச்சொல்லைத் தீய ஆவிக்கு ஏற்றிக் கூறினர். ஆவி உடலுள் புகுந்து ஆள்வது ஒரு நிலை. வெளியே நின்று வளைத்து அலைக்கழிப்பது மற்றொரு நிலை. பின்னதற்கே முற்றுகை என்பது பெயர். பகைவன் வெளியே நிற்கிறான், உள்ளே இருப்பவனோ இன்னும் தன்வசம் இழக்கவில்லை என்னும் நுட்பம் இப்பெயரில் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள்.

1838இல் பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரால் தம் நூலில் ஒரு பெண்ணின் வரலாற்றை எழுதினார். வயது முப்பத்து நான்கு. பெயரை முழுதும் கூறாது, ஓர் எழுத்தால் மட்டும் குறித்தார். பதினெட்டாம் வயதில், அத்தை வீட்டிலிருந்து திரும்பும்போது அத்தையின் பொருள் எதையேனும் அறியாமல் தன் முன்றானைப் பையில் எடுத்து வந்துவிடுவோமோ என்ற அச்சம் அவளைப் பற்றியது. பின்னர், வணிகக் கணக்கு எழுதுகையில் பிழை செய்துவிடுவோமோ என்ற அச்சம். காசைத் தொட்டால் விலையுள்ள ஏதோ ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டதோ என்ற ஐயம். ஆகவே கைகளைத் தேய்த்தாள், உதறினாள், கழுவினாள். இது நகைப்புக்குரியது என்பதை அவளே அறிந்திருந்தாள். அறிந்தும் நிறுத்த முடியவில்லை! அறிவு மயங்கிவிட்டவளாயின் அத்துயரில் பாதி இருந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது.

1877இல் ஜெர்மானிய மருத்துவர் வெஸ்ட்பால் இந்நிலைக்குத் தெளிவான வரையறை தந்தார். அறிவு கெடாதிருக்க, ஒருவர் விருப்பத்திற்கு மாறாக உள்ளத்தின் முன்னே வந்து நிற்பதும், இயல்புக்கு ஒவ்வாதது என்று அவராலேயே உணரப்படுவதுமான எண்ணம் என்றார் அவர். அதற்கு அவர் வழங்கிய ஜெர்மன் பெயரில் 'ட்சுவாங்' என்பது முதற்பகுதி. கட்டாயம் என்பது பொருள். இச்சொல் கடல் கடந்தபோது இரண்டாகப் பிளந்தது. இலண்டனில் இதனை 'அப்செஷன்' என்றும், நியூயார்க்கில் 'கம்பல்ஷன்' என்றும் மொழிபெயர்த்தனர் என்பர். பிற்காலத்தார் இரண்டையும் இணைத்து, முன்னது எண்ணத்துக்கும் பின்னது செயலுக்கும் உரியதென்று பங்கிட்டனர். தமிழில் இந்நோயை எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். நல்ல பெயர்தான், ஆயினும் எண்ணம் மட்டுமே அதில் இடம்பெற்றது, கழுவிக் கழுவித் தேய்ந்த கை இடம்பெறவில்லை என்ற குறை எனக்கு உண்டு.

புத்தகம் அடுக்கும் நம் மாணவரிடம் திரும்புவோம். ஒழுங்கு அவருக்கு மகிழ்ச்சி தருகிறது. நோயுற்றவருக்கோ, செயலில் மகிழ்ச்சி இல்லை. அச்சம் சிறிது நேரம் தணிவது ஒன்றே பயன். அவ்வாறு தணிவதனாலேயே உள்ளம் மறுமுறையும் அதே செயலை நாடுகிறது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் கழிவதையோ, வாழ்வே இதனால் இடர்ப்படுவதையோ இன்றைய மருத்துவர் நோயின் அடையாளமாகக் கொள்வர்.

இச்சுழலை அறுக்க வழி கண்டவர்களுள் ஒருவர் விக்டர் மேயர். 1966இல், இலண்டனில் தாம் மருத்துவம் செய்த இரு நோயாளிகளைப் பற்றி அவர் எழுதினார். அவர்களுள் ஒருவர் ஓயாது கழுவித் துடைப்பவர். அஞ்சும் பொருளை அவரைத் தொடச் செய்து, பின்பு கழுவ விடாமல் செவிலியர் அருகிலிருந்து காத்தனர். முதலில் அச்சம் பொங்கியது. கழுவாமலேயே மெல்ல மெல்ல அடங்கியது.