பால்புதுமை அறிவியல் புனைவும் காதல் கதையும்

தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரின் காதலையும் வாழ்வையும் வேற்றுக்கோள், எதிர்காலம், மாறிய உடல் முதலிய கற்பனைக் களங்களில் வைத்துச் சொல்லும் கதைவகை பால்புதுமை அறிவியல் புனைவு. பால்புதுமைக் காதல் நாவலும் இதுவும் இன்று பெரும்பாலும் ஒரே வாசகர்களின் கையில் இருக்கின்றன. ஆனால் வெவ்வேறு வழியில் வந்தவை. காதல் நாவலை நெருக்கியது முடிவு பற்றிய கெடுபிடி. இரு ஆண்களோ இரு பெண்களோ கடைசிப் பக்கத்தில் மகிழ்ச்சியாக இருந்துவிடக் கூடாது. அறிவியல் புனைவு இதழ்களிலோ பாலுறவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது நெடுங்காலம் எழுதப்படாத விதி. இவ்விரு தடைகளும் தளர்ந்த கதைதான் இவ்வகையின் வரலாறு. அவற்றைத் தளர்த்தியதில் எழுத்தாளர்களுக்கு உள்ள அளவு பங்கு வாசகர்களுக்கும் உண்டு.

முன்னோடி தேடுபவர்கள் வழக்கமாகக் காட்டுவது, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் சமோசாட்டா நகரத்து லூசியன் கிரேக்க மொழியில் எழுதிய ‘மெய்யான வரலாறு’ என்னும் நூலை. அதில் வரும் நிலவுலகில் பெண்களே இல்லை. ஆண்கள் ஆண்களை மணக்கிறார்கள், கருவைக் கெண்டைக்காலில் சுமக்கிறார்கள். ஆனால் லூசியன் பயணக் கதைகளின் புளுகைக் கேலி செய்தவர். அவரை இவ்வகையின் தந்தை என்பது மிகை. ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ (1871–72) இன்னும் நெருங்கியது. ஓர் இளம்பெண்மீது இன்னொரு பெண் கொள்ளும் மோகத்தை வெளிப்படையாகவே எழுத அதில் இடம் கிடைத்தது. ஏனெனில் மோகம் கொண்டவள் இரத்தம் குடிக்கும் பேய், முடிவில் அவளை ஆப்படித்துக் கொல்கிறார்கள். விரும்பியவரை அரக்கராக்கிக் கொன்றுவிட்டால் எதையும் எழுதலாம் என்னும் இந்த ஏற்பாடு அடுத்த நூறு ஆண்டுகளுக்கு நீடித்தது.

அரக்கர்கள் இல்லாத நடப்பியல் நாவலிலும் இதே நிலைதான். இ. எம். ஃபார்ஸ்டர் 1914இல் எழுதி முடித்த ‘மாரிஸ்’ நாவலில் இரு ஆண்கள் இறுதியில் சேர்ந்து வாழப் போகிறார்கள். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையேயான உறவு அப்போது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். காதலன் தூக்கில் தொங்கியிருந்தால் நூலை அச்சிட்டிருக்கலாம் என்பதை ஃபார்ஸ்டர் நன்றாக அறிந்திருந்தார். ஆயினும் மகிழ்ச்சியான முடிவை மாற்ற மறுத்தார். நாவல் அவர் மறைவுக்குப் பின் 1971இல்தான் வெளிவந்தது. ராட்கிளிஃப் ஹாலின் ‘தி வெல் ஆஃப் லோன்லினெஸ்’ (1928) துன்பத்தில் முடிந்தும் தப்பவில்லை. அதன் பிரதிகளை அழிக்குமாறு இலண்டன் நீதிமன்றம் ஆணையிட்டது.

1950களின் அமெரிக்காவில் மலிவு விலைப் பதிப்புகள் பெருகியபோது, பெண்ணைக் காதலிக்கும் பெண்ணின் கதை மருந்துக்கடை அலமாரி வரை வந்து சேர்ந்தது. மாரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் எழுதிய ‘ஸ்பிரிங் ஃபயர்’ (1952) பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. மகிழ்ச்சியான முடிவு இருந்தால் அஞ்சல் துறை புத்தகக் கட்டுகளைப் பறிமுதல் செய்யும் என்று சொல்லி, முடிவைச் சோகமாக்கும்படி பதிப்பாசிரியர் நிபந்தனை விதித்திருந்தார். ஆகவே நாயகியரில் ஒருத்தி மனநோய் விடுதிக்குப் போகிறாள். அதே ஆண்டில் பட்ரீசியா ஹைஸ்மித், கிளேர் மோர்கன் என்ற பெயரில் வெளியிட்ட ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ அந்தக் கட்டுப்பாட்டை மீறியது. காதலியர் இருவரும் உயிரோடு, ஒன்றுசேரும் நம்பிக்கையோடு கதையை முடிக்கிறார்கள். அந்த நூல் தம்முடையது என்று ஹைஸ்மித் தம் பெயரைப் போட்டுக்கொள்ள 1990 வரை ஆயிற்று.

அறிவியல் புனைவில் பெரிய உடைப்பு ஒன்று 1953இல் நேர்ந்தது. தியடோர் ஸ்டர்ஜன் ‘யூனிவர்ஸ் சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ இதழில் எழுதிய ‘தி வேர்ல்ட் வெல் லாஸ்ட்’ என்ற சிறுகதையில் வேற்றுக்கோளைச் சேர்ந்த காதல் இணை ஒன்று பூமிக்கு வருகிறது. பூமியே அவர்கள் காதலைக் கண்டு சொக்கிப்போகிறது. அவர்களைத் திருப்பி அனுப்பும்படி அவர்களது கோளான டிர்பானு கேட்க, இரண்டே பேர் கொண்ட விண்கலம் அவர்களைக் கைதிகளாக ஏற்றிச் செல்கிறது. பாதி வழியில்தான் உண்மை தெரிகிறது: அந்த இருவரும் ஆண்கள். டிர்பானுவில் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் முற்றிலும் வேறுபட்டவர்கள். பூமியின் ஆணையும் பெண்ணையும் பார்த்தால் டிர்பானு மக்கள் கண்ணுக்கு எல்லாரும் ஒரே பாலாகத் தெரிகிறார்கள். அருவருப்படைந்துதான் அவர்கள் பூமியோடு உறவையே மறுத்திருந்தார்கள். கைதிகளைத் தப்பவிடுபவன் கிரன்ட்டி என்னும் பேசா மடந்தையான மாலுமி. தன் தலைவன்மீது அவன் கொண்ட காதலை, மனத்தைப் படிக்க வல்ல கைதிகள் கண்டுகொண்டார்கள்; அவன் இரகசியம் காக்கப்பட வேண்டுமானால் ஒன்று அவர்கள் சாக வேண்டும், அல்லது போய்விட வேண்டும். வெறுப்பு என்பது பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதை ஒரே கதைத் திருப்பத்தில் காட்டிய விதத்தில் இதற்கு இணையான கதை அந்தப் பத்தாண்டில் இல்லை. ஆனாலும் கிரன்ட்டிக்குக் காதல் வாய்க்கவில்லை. அவன் பழையபடி மௌனத்துக்கே திரும்புகிறான்.

1960களின் பிற்பகுதியில் ‘புதிய அலை’ எனப்பட்ட போக்கு வந்தபோது தடைகள் வேகமாக விலகின. கறுப்பினத்தவரும் தன்பாலீர்ப்பாளருமான சாமுவேல் ஆர். டெலானி, ஹார்லன் எலிசன் தொகுத்த ‘டேஞ்சரஸ் விஷன்ஸ்’ (1967) நூலில் ‘ஆய், அண்ட் கொமோரா’ கதையை எழுதினார். விண்வெளிப் பணிக்காகப் பால்தன்மை நீக்கப்பட்டவர்களையும், அவர்களை மோகித்து அலைபவர்களையும் பற்றிய அக்கதை அறிவியல் புனைவுக்கான நெபுலா விருது பெற்றது. எட்டு ஆண்டுகள் கழித்து வந்த அவரது ‘டால்கிரன்’ (1975) படிக்கக் கடினமான, எண்ணூறு பக்கங்களைத் தாண்டும் நாவல்; ஆயினும் பெருவாரியாக விற்றது. எய்ட்ஸ் நோயைப் புனைவில் நேராக எதிர்கொண்ட தொடக்கப் படைப்புகளுள் ஒன்றும் அவருடையதே. 1985இல் வந்த ‘ஃப்ளைட் ஃப்ரம் நெவேரியான்’ நூலில் அது உள்ளது.

உர்சுலா கே. லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நியூயார்க்கில் பால்புதுமையரின் ஸ்டோன்வால் கிளர்ச்சி நடந்த அதே 1969இல் வெளிவந்து, ஹ்யூகோ, நெபுலா விருதுகள் இரண்டையும் பெற்றது. பனி மூடிய கெத்தன் கோளின் மக்கள் 26 நாள் கொண்ட மாதத்தின் பெரும்பகுதியில் ஆணும் அல்லர், பெண்ணும் அல்லர். சில நாள் மட்டும் இரண்டில் ஒன்றாகிறார்கள். எதுவாக ஆவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. ஒரே ஆள் ஒரு பிள்ளைக்குத் தாயாகவும் இன்னொரு பிள்ளைக்குத் தந்தையாகவும் இருக்கலாம். பூமியிலிருந்து வந்த தூதனும் கெத்தனைச் சேர்ந்த எஸ்ட்ராவனும் பனிப்பரப்பைக் கடந்து செல்லும் பயணமே நூலின் உயிர். அவர்களுக்கிடையே காதல் அரும்புகிறது, தொடாமலே முடிகிறது, எஸ்ட்ராவன் சுடப்பட்டு இறக்கிறார். எல்லோரையும் ஆண்பால் சுட்டாலேயே குறித்தது ஏன் என்ற கேள்வியைப் பெண்ணிய விமர்சகர்கள் எழுப்பினர். முதலில் தம்மைத் தற்காத்துக்கொண்ட லெ குவின் பின்னர் அதை ஏற்றார். கெத்தன் மக்களிடையே தன்பாலுறவுக்கு இடமே வைக்காதது தம் குறை என்றும் 1980களில் எழுதினார். தம் புகழ்பெற்ற நூலை இப்படித் தாமே திரும்பத் திரும்ப விசாரித்த எழுத்தாளர்கள் அரியர்.

ஜோவன்னா ரஸ் அவ்வளவு பொறுமை காட்டியவர் அல்லர். ‘வென் இட் சேஞ்ச்டு’ (1972) கதையில், கொள்ளைநோயில் ஆண்கள் அழிந்து பல தலைமுறைகள் கடந்த வைல்அவே கோளில் பெண்கள் பெண்களை மணந்து, பிள்ளை பெற்று, சண்டையிட்டு, உழுது வாழ்கிறார்கள். அங்கே பூமியிலிருந்து ஆண்கள் ‘மீட்க’ வந்து இறங்குகிறார்கள். எதிரே நிற்கும் பெண்களை அவர்கள் மக்களாகவே கணக்கிடவில்லை என்பதில் கதையின் சூடு இருக்கிறது. இக்கதைக்கும் நெபுலா கிடைத்தது. ‘ஆண்மை மிக்க நடை’ என்று பாராட்டப்பட்ட அறிவியல் புனைவு எழுத்தாளர் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர், உண்மையில் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண் என்பது 1977இல் வெளியானபோது, எழுத்தில் பால் தெரியும் என்று சாதித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1991இல் அவர் பெயரால் நிறுவப்பட்டு, பாலினம் பற்றிய சிந்தனையை விரிவாக்கும் புனைவுக்கு வழங்கப்படும் விருது 2019 முதல் ‘அதர்வைஸ்’ விருது எனப்படுகிறது.

எந்த நூலில் தங்களைப் போன்றோர் இருக்கிறார்கள் என்று அறிவதே அக்கால வாசகர்களுக்குப் பெரும்பாடு. அட்டைகள் எதையும் சொல்லவில்லை. எலிசபெத் ஏ. லின் எழுதிய ‘எ டிஃபரன்ட் லைட்’ (1978) என்ற விண்வெளி நாவலின் பெயரையே சூட்டிக்கொண்டு மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பால்புதுமையர் புத்தகக் கடை திறக்கப்பட்டது. எரிக் கார்பர், லின் பேலியோ இருவரும் 1983இல் ‘யுரேனியன் வேர்ல்ட்ஸ்’ என்ற நூற்பட்டியலை வெளியிட்டனர். அறிவியல் புனைவிலும் மிகைக்கற்பனையிலும் தன்பாலீர்ப்பு எங்கெங்கே வருகிறது என்பதைக் குறிப்புரையுடன் சொல்லும் நூல் அது. பாஸ்டனில் தொடங்கிய ‘கேலாக்சியன்ஸ்’ போன்ற வாசகர் சங்கங்களும் 1980களில் கூடின. வகைமையை இணைத்துக் கட்டியதில் பல நாவல்களைவிட இத்தகைய பட்டியல்களும் கூட்டங்களும் அதிகம் சாதித்தன.

இன்னொரு வாசகர் கூட்டம் தானே எழுதத் தொடங்கியது. ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரின் கேப்டன் கிர்க், ஸ்போக் இருவரையும் காதலர்களாக்கி டயேன் மர்ச்சன்ட் எழுதிய சிறு கதை, 1974இல் ‘க்ரப்’ என்ற இரசிகர் இதழில் வந்தது. பெயர்கள்கூட அதில் சொல்லப்படவில்லை. இரு பாத்திரங்களின் பெயர்களுக்கிடையே சாய்கோடு இட்டு வழங்கப்பட்ட இத்தகைய கதைகள் நகலெடுத்த இதழ்களாக அஞ்சலில் பரவின. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு ஆண்களின் காதலில் என்ன ஈடுபாடு என்று கேட்டவர்களுக்கு ஜோவன்னா ரஸ்ஸே விரிவான கட்டுரை எழுதினார். சமமான இருவரின் காதலை ஆண்–பெண் கதைகளில் அவர்கள் காணவில்லை என்பது அவர் தந்த விடைகளில் ஒன்று. இந்த மரபின் பெருங்கிடங்கான ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ 2009இல் திறக்கப்பட்டு, 2019இல் ஹ்யூகோ விருது பெற்றது.

ஜப்பானில் இதே பசியைத் தீர்த்தவை சிறுமியர் இதழ்களின் சித்திரக்கதைகள். மோட்டோ ஹாகியோவின் ‘பதினொருவர் இருக்கிறார்கள்’ (1975) கதையில், விண்வெளிப் பயிற்சித் தேர்வு எழுத வந்த மாணவரில் ஒருவரான ஃப்ரோலின் பால் இன்னும் தீர்மானமாகவில்லை. கெய்கோ டகெமியா 1976இல் தொடங்கிய ‘காற்றும் மரங்களும் பாடும் பாட்டு’ ஆண்களின் காதலைச் சொல்லும் தனி வகைக்கே வித்திட்டது. அது சீனத்தில் ‘டான்மெய்’ எனப் பெருகியது. மோ ஷியாங் டோங் ஷியூவின் நாவலை 2019இல் ‘தி அன்டேம்டு’ என்று தொலைக்காட்சித் தொடராக்கியபோது, தணிக்கைக்கு அஞ்சிக் காதலை நட்பாக்கினார்கள். 2021இல் அத்தகைய தொடர்களையே சீன அரசு தடுத்தது. அதே ஆண்டு இறுதியில் அவருடைய நாவல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் ‘நியூயார்க் டைம்ஸ்’ விற்பனைப் பட்டியலில் ஏறின.

ஆங்கிலத்தில் 1990களில் நிக்கோலா கிரிஃபித், மெலிசா ஸ்காட் ஆகியோர் தன்பாலீர்ப்பை விளக்கவேண்டிய சிக்கலாக அல்லாமல் இயல்பான வாழ்க்கையாக எழுதினர். ஆன் லெக்கியின் ‘ஆன்சிலரி ஜஸ்டிஸ்’ (2013) லெ குவின் தயங்கியதைச் செய்தது; ஒரு பேரரசின் அனைவரையும் பெண்பால் சுட்டாலேயே குறித்து, ஹ்யூகோ, நெபுலா, கிளார்க் விருதுகளை வென்றது. அமல் எல்-மொஹ்தார், மேக்ஸ் கிளாட்ஸ்டன் இருவரும் சேர்ந்து எழுதிய ‘திஸ் இஸ் ஹௌ யூ லூஸ் த டைம் வார்’ (2019), காலத்தில் பயணித்துப் போரிடும் எதிரணிப் பெண்கள் இருவரின் கடிதக் காதல். எவரினா மாக்ஸ்வெலின் ‘வின்டர்ஸ் ஆர்பிட்’ (2021) இரு கோள்களின் அரசியல் உடன்பாட்டுக்காக மணம் முடிக்கப்பட்ட ஆண்கள் இருவரின் கதை. முதலில் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ கிடங்கில் தொடராக வந்தது. கடைசியாகச் சொன்ன இரண்டிலும் காதலர்கள் சாவதில்லை. ஃபார்ஸ்டர் அரை நூற்றாண்டு பூட்டிவைத்த முடிவு, இப்போது வாசகர் விலை கொடுத்து எதிர்பார்க்கும் முடிவு.

தெற்காசியாவிலிருந்து வந்தவர்களின் பங்கும் குறிப்பிடத்தக்கது. கொழும்பில் பிறந்த அமெரிக்கத் தமிழர் மேரி ஆன் மோகன்ராஜ் 2000இல் ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ என்ற மிகைப்புனைவு இதழைத் தொடங்கினார். தெற்காசியர் குடியேறிய கோள் ஒன்றில் போர் மூளும் நேரத்துக் காதல்களைச் சொல்வது அவரது ‘தி ஸ்டார்ஸ் சேஞ்ச்’ (2013). அறிவியல் புனைவு அல்லாத ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) கொழும்புத் தமிழ்ச் சிறுவன் அர்ஜியின் கதை. அவன் காதலைப் பிரிப்பது பதிப்பாளரின் நிபந்தனை அல்ல, தமிழருக்கு எதிரான 1983இன் கலவரம். இந்திரபிரமித் தாஸின் ‘தி டெவவரர்ஸ்’ பால்புதுமை இலக்கியத்துக்கான லாம்ப்டா விருது பெற்றது. இலங்கையரான வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ (2023) சிறந்த நாவலுக்கான நெபுலாவை வென்றது. அதன் நாயகனுக்கு ஆண் காதலன் இருக்கிறான். கதை அதற்குக் காரணம் சொல்ல முற்படுவதில்லை. அந்நாவல் வெளிவந்த ஆண்டில், தன்பாலுறவைக் குற்றமற்றதாக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று இலங்கை உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அவ்வுறவைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் அந்த ஆண்டு நீக்கப்படவில்லை.