கைக்குப் போய்ச் சேருமா தம்பி?

பி.காம். படிக்கிறவன் வரலாறு எழுதினால் அதிலும் கணக்குதான் வரும். முன்கூட்டியே மன்னித்துவிடுங்கள்.

பள்ளியில் படித்தபோது ஒருநாள் திருவண்ணாமலை தபால் நிலையத்தில் ஒரு பாட்டி மணியார்டர் பாரத்தை நீட்டி, "எழுதிக் குடு தம்பி" என்றார். தொகை 300 ரூபாய். பெறுபவர் அவருடைய மகன். முகவரி, மத்திய சிறை, வேலூர். எங்கள் ஊரில் இருப்பது கிளைச் சிறைதான். எழுதி முடித்ததும் பாட்டி கேட்டது ஒன்றே ஒன்று: "கைக்குப் போய்ச் சேருமா தம்பி?" எனக்குத் தெரியாது. "சேரும் பாட்டி" என்று சொல்லிவிட்டேன்.

கைக்குச் சேராது என்பது பிறகுதான் தெரிந்தது. சிறைக்குள் கைதி ரொக்கம் வைத்திருக்கக் கூடாது. வரும் பணம் அவர் பெயரில் சிறை அலுவலகத்தில் வரவு வைக்கப்படும். கேன்டீனில் சோப்போ பிஸ்கட்டோ வாங்கினால் அதில் கழித்துக்கொள்வார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் இன்னும் கடுமை. 1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, விசாரணைக் கைதி வெளியிலிருந்து சாப்பாடு, துணி, படுக்கை பெற்றுக்கொள்ள அனுமதித்தது. தண்டனை பெற்றவருக்கு அந்தச் சலுகை இல்லை. அப்படியானால் ஒரு தண்டனைக் கைதிக்கு உதவ நினைப்பவர் என்ன செய்வார்? அவர் குடும்பத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.

வ.உ.சி. விஷயத்தில் நடந்தது இதுதான். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை 1908 மார்ச்சில் கைதானார். அதே வருடம் ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறையிருந்து, செக்கிழுத்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. கப்பல் விட்டவர் சென்னையில் சாப்பாட்டுக்கே திண்டாடினார்.

இவர் பட்ட துன்பத்தைக் கேள்விப்பட்ட தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டி, வ.உ.சி.க்கு அனுப்பும்படி அங்கிருந்த காந்தியிடம் கொடுத்தார்கள். அந்த வருடங்களில் அவர்களில் பலரே சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்! சிறையின் கஷ்டம் தெரிந்தவர்கள் இன்னொரு கைதிக்காகக் கொடுத்த காசு அது.

ஆனால் பணம் வரவில்லை. 1915 ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்தார். வ.உ.சி. கடிதம் எழுதிச் சந்தித்தார். பணம் கிடைத்ததா என்று காந்திதான் கேட்டார். கிடைக்கவில்லை என்று பதில் போனது. யார் கொடுத்தது, எவ்வளவு என்ற விவரம் காந்தியின் கைவசம் இல்லை. கடிதங்கள் மாதக்கணக்கில் போய் வந்தன. தேவை இருந்ததை வ.உ.சி. மறைக்கவில்லை. கடைசியில் 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. இன்றைய கணக்கில் எழுதினால் 347.75.

டீக்கடையில் "காந்தி கணக்குல எழுதிக்கோ" என்றால் திரும்பி வராத பணம் என்று அர்த்தம். அந்த வழக்கு இந்தப் பணத்திலிருந்து பிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஆ.இரா.வேங்கடாசலபதி அந்தக் கடிதங்களை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட நூல் பணம் வந்து சேர்ந்ததைக் காட்டுகிறது. காந்தி கணக்கு நேராகிவிட்டது!

ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். எங்கள் பாடத்தில் பிறருக்காக வாங்கி வைத்த பணம் வருமானம் ஆகாது, அது பொறுப்பு. கொடுக்கும் வரை கணக்கில் நின்றுகொண்டே இருக்கும். காந்தி அந்தப் பொறுப்பை மறுக்கவில்லை, அது பெரிய விஷயம்தான். ஆனால் பசித்தவனுக்கு வருடங்கள் கழித்து வரும் பணமும் உரிய நேரத்தில் வரும் பணமும் ஒன்றல்ல. எங்கள் பேரேட்டில் இரண்டும் ஒரே தொகைதான். வயிற்றின் பேரேட்டில் அப்படி இல்லை.

இன்றைக்கும் இது பழங்கதை ஆகவில்லை. ஜாமீன் கிடைத்தும் கட்டப் பணமில்லாமல் உள்ளேயே இருக்கும் ஏழைகளுக்காக 2023-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை. நல்ல திட்டம். ஆனால் ஒதுக்குவது ஒரு வேலை, கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வேலை. நடுவில் ஒரு பாரம் மேஜையில் தூங்கினால் உள்ளே ஒருவருக்கு ஒரு மாதம் போய்விடும்.

வ.உ.சி. தன் மகளுக்கு வேதவல்லி என்று பெயர் வைத்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து உதவிய வேதியப்பப் பிள்ளையின் நினைவாக வைத்த பெயர். உதவியவரை அவர் மறக்கவில்லை என்பதற்கு அந்தப் பெயர் போதும்.

அந்தப் பாட்டியை மறுபடி நான் பார்க்கவில்லை. பார்த்தால், "சேரும் பாட்டி" என்று சும்மா சொல்லாமல், ரசீதை எடுத்து வைக்கச் சொல்லி, போய்ச் சேர்ந்ததா என்று கூடவே போய் விசாரித்திருப்பேன்.